மூன்றாம் தொட்டியின் மஞ்சள் இலை

கொத்தமல்லி விதையை முழுசாக ஊன்றக் கூடாது என்பது எனக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. பார்வைக்கு ஒரே விதை. உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தி உருட்டினால் இரண்டாகப் பிரியும். பிரித்ததை ஊறவைத்து, அரை விரற்கடை ஆழத்தில் போட்டு, மேலே மண்ணைத் தூவிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். எங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. முதல் தட்டு முழுவதும் அழுகிப்போயிற்று.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்கள். எனக்கு இங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் கையால் எழுதுகிறீர்கள், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். மழலையர் பள்ளியில் பதினெட்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். ஒரே விஷயத்தைப் பதறாமல் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு வரும். பிள்ளைகளுக்குக் கண்ணில் மருந்து விடவும் வரும். மேலே கூரையில் ஒரு பூனை இருக்கிறது பார் என்பேன். பிள்ளை பூனையைத் தேடி முடிப்பதற்குள் சொட்டு உள்ளே போயிருக்கும்.

என் கணவர் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். குமிழி, மயிரிழை போன்ற விரிசல், கழுத்தில் சின்னக் கோணல், எது இருந்தாலும் இரண்டு விரலால் தூக்கிக் கூடையில் போட்டுவிடுவார். முப்பத்தொரு வருடம். அங்கே அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். அதில் அவருக்குப் பெருமை.

அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குரல்கூட உயர்ந்ததில்லை. "இதப் பாரு" என்பார். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போவேன். டம்ளரோ தட்டோ சட்டைக் காலரோ, அதை என் கையில் கொடுத்து, "என்ன தெரியுது, நீயே சொல்லு" என்பார். கண்டுபிடிக்கும்வரை நிற்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு விடுமுறை நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளரை வாங்கினேன். தெருவிளக்கு எரியும்வரை ஜன்னலோரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் அவரே வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. "சரி, போ" என்றார்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டால் அலமாரியை மறுபடி துடைப்பேன். அதற்கு முன்பே மூன்று சுற்று வீட்டைப் பார்த்து முடித்திருப்பேன். இருந்தும் துடைப்பேன். வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? பார்க்கிறார் என்று புகார் சொல்ல முடியுமா?

போன வருடம் அவருக்கு இரண்டு கண்ணிலும் கிருமி தாக்கிக் கருவிழி புண்ணாகிவிட்டது. பதினேழு நாள் ஆஸ்பத்திரி. புண் ஆறியபோது பார்வை இல்லை. கண் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கருவிழி மேல மூடுபனி மாதிரி படிஞ்சிருக்கு. உள்ள நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தச் சொட்டு மருந்த ஒரு நாளைக்கு ஆறு தடவ, தவறாம விடணும். கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சிடும். யார் விடுவாங்க?"

"நான்தான் விடுவேன்" என்றேன். "எனக்குப் பழக்கம் உண்டு."

ஒன்பது நாள் ஒழுங்காக விட்டேன். மணி பார்த்து, கை கழுவி, ஆறு தடவை. ஒருதடவைகூடத் தவறவில்லை. பத்தாம் நாள் காலையில் மருந்து விட்டுவிட்டு நிமிர்கிறேன், அவர் தலையைச் சாய்த்து எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"அங்க சுவத்துல என்ன, கறையா?"

கறைதான். குக்கர் ஆவி பட்டுப் பட்டு மங்கலாக ஒரு திட்டு. எட்டடி தூரத்தில் இருந்தது. உலகத்தில் அவருக்குத் திரும்பக் கிடைத்த முதல் காட்சி அது. நான் மூடியைத் திருகி மருந்தை மேல்தட்டில் வைத்தேன்.

அன்று மதியம் அவர் தூங்கும்போது அந்த மருந்துப் பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். பிறகு தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அதில் நிரப்பினேன். குழாய்த் தண்ணீரை நேராக விட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய். கொதிக்கவைக்காத தண்ணீரை ஒருநாளும் அவர் கண்ணில் விட்டதில்லை.

நான்கைந்து நாளில் சுவர் அவருக்கு மறுபடியும் மறைந்துபோனது.

மூன்றாவது வாரம் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ்தான் யோசனை சொன்னாள். "சும்மா உக்கார வைக்காதீங்கம்மா, மனசு விட்டுப்போயிடும். கைக்கு ஒரு வேலை குடுங்க. விதை போடச் சொல்லுங்க. ஜன்னல்லயே வளக்கலாம். தொட்டுப் பாக்க, மோந்து பாக்க நல்லா இருக்கும்."

இரண்டு பேருக்கும் அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. தயிர் டப்பாக்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தொட்டியாக்கி, ஒரு தட்டில் அடுக்கினேன். மண்ணை அவர் சலித்தார். கொத்தமல்லி, வெந்தயம், புதினா. முதல் தட்டில் மணிக்கொரு தடவை தண்ணீர் ஊற்றியதில் மண்மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. அவர் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கொன்னுட்டேன் போல இருக்கே. கூடையில போடு."

தன் தவறைப் பார்த்து அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டாவது தட்டில் கற்றுக்கொண்டோம். விரலை மண்ணில் விட்டு, முதல் கணுவரை காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெந்தயம் மூன்றாம் நாளே முட்டிக்கொண்டு வந்தது. கொத்தமல்லி வந்ததும் ஒல்லியாக, கழுத்து நீண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து விழுந்தது. வெளிச்சம் போதவில்லை. தினமும் தொட்டியைக் கால் வட்டம் திருப்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டோம். காலையில் எழுந்ததும் "எந்தப் பக்கம் சாயுது?" என்பார். நான் பார்த்துச் சொல்வேன், அவர் திருப்புவார்.

புதினா விதை தூசி மாதிரி இருக்கும். அவர் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. அதை மூடவும் கூடாது, மண்மேல் வைத்து அழுத்தினால் போதும். அவர் கையின்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். கையை எடுக்கப் போனபோது, "கொஞ்சம் இரு" என்றார். முப்பது வருடத்தில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் கஷ்டப்பட்டார் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. சந்தோஷமாக இருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வெந்தயத் தளிரை நீட்டி, "நான் வளத்தது" என்றார். நானும் தலையைப் பின்னிக்கொள்ளாமல், பாத்திரத்தைக் குவித்துப் போட்டுவிட்டு, பகலில் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கினேன். வீட்டில் தூசி படிந்தது. நான் பயப்படாமல் இருந்தது அந்த எட்டு மாதம்தான். ஒரு நாளைக்கு ஆறு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது.

டாக்டரம்மா குழம்பிப்போனார். "மருந்து கேக்கவே மாட்டேங்குதே" என்று மருந்தை மாற்றினார். மாற்றியதையும் கவிழ்த்தேன். கடைசியாகப் போனபோது, இப்படியே ரொம்ப நாள் இருந்தால் தழும்பு இறுகிவிடும், ஆபரேஷன் யோசிக்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில் என் முழங்கையைப் பிடித்தபடி அவர் சொன்னார். "வருத்தப்படாத. உன் கண்ணு இருக்குல்ல."

மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்து, வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அவரிடம், டாக்டரம்மா வெளியூர் போயிருக்கிறாராம், வந்ததும் கூப்பிடுவார்களாம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அன்றைக்குக் கொத்தமல்லியில் முதல் அறுவடை.

பிறகு நான் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் போட்ட கையால் பாட்டிலை அழுத்த முடியாது. நாத்தனார் வந்தாள். தையல் வேலை செய்பவள், கை சுத்தம், கணக்காக இருப்பாள். வந்த அன்றே சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, இது திறந்து ரொம்ப நாளாச்சு போல. திறந்தா ஒரு மாசம்தான்னு போட்டிருக்கு. நான் புதுசு வாங்கிட்டு வரேன்."

"இருக்கட்டும்மா, இன்னும் தீரலையே" என்றேன்.

"கண்ணு விஷயத்துல போய் சிக்கனம் பாப்பாங்களா?" என்று அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மூன்று வாரம் இருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை. நான் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகும் ஒவ்வொரு சொட்டையும் எண்ணினேன். "ஏதாவது தெரியுதாண்ணே?" என்று தினமும் கேட்பாள். அவர் "ம்ஹூம்" என்பார். எனக்கு மூச்சு வரும்.

என் கட்டைப் பிரித்ததும் அவள் ஊருக்குப் போனாள். மறுநாள், இன்னும் தேறாத கையை விட்டு இடது கையால், அந்தப் புதுப் பாட்டிலையும் கவிழ்த்து நிரப்பினேன். ஆனால் அதற்குள் மூன்று வார மருந்து உள்ளே இறங்கியிருந்தது, என்னவோ மாறியிருந்தது. கூடத்தின் நடுவில் வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் வேண்டுமென்றே முக்காலியை வழியில் வைத்தேன். அதையும் சுற்றிக்கொண்டு போனார். கை நீட்டித் தடவவில்லை. காலையில் "எந்தப் பக்கம் சாயுது?" என்று கேட்பதும் நின்றுவிட்டது. அவரே திருப்பி வைத்தார், சரியாக.

பழையபடி எனக்குத் தூக்கம் போயிற்று. விடியும் முன்பே எழுந்து சத்தம் போடாமல் அலமாரி, ஜன்னல் கம்பி, மேசைக் கால் என்று துடைத்தேன். எட்டு மாதத் தூசி. எவ்வளவு துடைத்தாலும் தீரவில்லை. ஈரத் துணியோடு திரும்பினால் அவர் முகம் என் பக்கமே இருக்கும். பார்க்கிறாரா, சத்தத்தைக் கேட்டுத் திரும்புகிறாரா என்று சொல்ல முடியாது.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். காபித் தூள் ஒட்டிய டம்ளரை, கழுவாமல், உதடு படும் இடத்தில் பழுப்பு வளையம் தெரியும்படி அப்படியே பால் ஊற்றிக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. அவர் கையில் வாங்கினார். ஒரு நொடி அந்த வளையத்தின்மேல் அவர் கண் நின்றது. நின்றதை நான் பார்த்தேன். பிறகு டம்ளரை மெல்லத் திருப்பி, சுத்தமாக இருந்த பக்கத்தில் வாய் வைத்துக் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார்.

சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இதப் பாரு" என்று சொல்லியிருந்தால் போய் நின்றிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் குடிக்கிறார் என்றால், சேர்த்து வைக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஒவ்வொன்றையும் உள்ளே அடுக்கி வைத்து, மொத்தமாக ஒருநாள் என் கையில் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் சமையலறை மேடை நேராகத் தெரிகிறது. தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம் தெரிகிறது. பாட்டிலை நான் நிரப்பும் இடம் தெரிகிறது. எட்டு மாதமாக அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஆறு நாள். அவர் இருமினால் கையில் இருப்பது நழுவும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்பு தூக்கிப்போடும். அவரோ அமைதியாக இருந்தார். முன்பைவிட மெதுவாகப் பேசினார். ஒருதடவை, "ஏன் இப்படி நடுங்குற, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைக் காற்றில் துழாவவில்லை. நேராக நெற்றிக்கு வந்தது.

ஏழாம் நாள் காலை, ஜன்னலோரம் தொட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னார்.

"மூணாவது தொட்டியில ஒரு இலை மஞ்சளாகுது."

நான் துடைப்பதை நிறுத்தினேன். மஞ்சளுக்கு வாசனை கிடையாது. தொட்டுப் பார்த்தால் தெரியாது.

அவர் திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். என்னை நேராகப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை, நிதானமாக.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார்.

ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். முதலில் இலை, அடுத்தது முடி, அப்புறம் தூசி, டம்ளர், பாட்டில். ஒவ்வொன்றாக வரும். நான் நிற்க வேண்டும். இந்தத் தடவை தெருவிளக்கு எரிந்தாலும் முடியாது.

"வந்து உக்காரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன்" என்றார்.

"முதல்ல மருந்து விட்டுடறேங்க" என்றேன். "நேரமாச்சு."

சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன், அந்த நாற்காலியிலிருந்து தெரியக் கூடாது என்று. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே கழிவறை கழுவும் திரவம் இருக்கிறது. சொட்டு மருந்துப் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டினேன். இதை ஊற்றினேன். மூடியைத் திருகினேன். வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்து தயாராக இருந்தார். நான் குனிந்தேன். எட்டு மாதமும் என்னைப் பார்க்காத கண்ணில்தான் விட்டுப் பழக்கம். இப்போது அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. செடி வளர்த்துப் பழகியதில் அவருக்கு மூக்கு கூர்மையாகியிருந்தது.

"வாசனை வேற மாதிரி இருக்கே" என்றார்.

"புது மருந்துங்க."

என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, விடு" என்று கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார். நான் பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதல் கண்ணில் விட்டுவிட்டு அடுத்ததிலும் விட்டேன். இரண்டுக்கும் நடுவில் அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டாவது கண்ணை இரண்டு விரலால் பிரித்துத்தான் விட வேண்டியிருந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். கருவிழி இரண்டும் போய்விட்டது, இனி எந்த மருந்தாலும் எந்த ஆபரேஷனாலும் ஒன்றும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். பாட்டில் மாறிப்போச்சு, அவ வேணும்னு செய்யல, பயந்த சுபாவம், அதட்டிக் கேக்காதீங்க என்று சொல்லியிருக்கிறார். நாத்தனார் சொன்னதையும் படித்தீர்கள். அவள் ஊருக்குக் கிளம்பும்போதே, பார்வை வர ஆரம்பித்துவிட்டதை அண்ணன் அவளிடம் சொன்னதாகவும், "அவகிட்ட இப்ப சொல்லாத, நல்லா தெரிய ஆரம்பிச்சதும் நானே சொல்றேன். இத்தன வருஷம் அவள நிக்க வெச்சதுக்கு அவ முகத்தப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்" என்று அழுததாகவும் சொல்கிறாள். அவள் தங்கை. அண்ணனுக்காகத்தான் பேசுவாள். அந்தக் கண்ணை முப்பது வருடம் பார்த்தவள் நான். அதற்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு என்ன தெரியும்?

அவர்கள் சொன்னதை வைத்து நீங்கள் என் வாக்குமூலத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கீழே கையெழுத்துப் போட்டால் இன்றே போகலாம் என்கிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். எந்தப் பாட்டிலும் மாறவில்லை. கண் மருந்து மேல்தட்டில் இருக்கும், கழிவறைத் திரவம் தொட்டிக்குக் கீழே இருக்கும், இரண்டும் எப்போதும் அதனதன் இடத்தில்தான் இருந்தன. எது எது என்று பார்த்து, தெரிந்து, நான்தான் ஊற்றினேன். அப்படியே எழுதுங்கள்.

எழுதியானதும் என்னைக் கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள். வலி குறைய அவருக்குச் சாயங்காலம் ஏதோ சொட்டு விடுகிறார்களாம். வேறு யாராவது விட்டால் அவருக்குப் பயமாக இருக்கும்.